ஆங்கில வினையின் காலக்கணக்கு

ஆங்கில மொழியின் வினைச்சொல்லுக்குக் காலங்கள் எத்தனை என்னும் வினாவுக்கு 400 ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒருமித்த விடை கிடைத்திலது. 16ஆம் நூற்றாண்டின் பள்ளியாசிரியர் ஐந்து என்றனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளிவந்து உலகெங்கும் பரவிய பாடநூல் ஒன்று ஆறு என்றது. இன்று நம் நாட்டு மாணவர் மனனஞ் செய்யும் அட்டவணை பன்னிரண்டு என்கின்றது. மொழிநூல் வல்லாரிற் பலர் இரண்டே என்பர். இந்த விடைகள் எழுந்த காலத்திலே ஆங்கில வினைச்சொல் ஓரளவு மாறியதுண்டு. ஆனால் ஐந்து ஆறாகவும், ஆறு பன்னிரண்டாகவும், பின்னர் அது இரண்டாகவும் ஆகும்படி மாறியதில்லை. மாறியது எண்ணுவோர் கையிலிருந்த அளவுகோலேயாம். அவ்வளவுகோல் ஆங்கிலத்துக்கென்று ஆக்கப்பட்டதன்று. கிரேக்க நாட்டிலே செதுக்கப்பெற்று, உரோமாபுரியிலே மெருகூட்டப்பெற்று, மடங்களின் வாயிலாக இங்கிலாந்து சேர்ந்தது அது.

வரலாற்றுக்குட் புகுமுன் ஒரு சொல்லைத் தெளிந்துகொள்ளுதல் நன்று. ஆங்கிலத்திலே, ஓடுகின்ற காலத்துக்கு 'டைம்' என்று பெயர். வினைச்சொல் தன் வடிவத்தாற் காட்டுங் காலத்துக்கு 'டென்ஸ்' என்று பெயர். பின்னையது 'தெம்புஸ்' என்னும் இலத்தீன் சொல் பிரெஞ்சு மொழியிலே திரிந்து ஆங்கிலம் புகுந்த வடிவம். ஆதியில் அதற்கும் காலம் என்பதே பொருள். ஆயினும் சொற்கள் இரண்டாயிருப்பதனால் ஆங்கிலத்தார் இரண்டு பொருள்களையும் பிரித்துப் பேசல் எளிதாகின்றது. தமிழிலே இரண்டையும் காலம் என்னும் ஒரே சொல்லால் வழங்குகின்றோம். 'கப்பல் நாளைக் காலை புறப்படுகிறது' என்று ஒருவர் கூறின், நிகழ்ச்சி எதிர்காலத்தது. வினையின் வடிவமோ நிகழ்காலத்தது. இங்கே முரண் எதுவும் இல்லை. தொல்காப்பியர் இதனை நன்கு அறிந்திருந்தார். எதிர்காலத்து நிகழ்ச்சியைத் தெளிவு பற்றியும் இயற்கை பற்றியும் இறந்தகால வடிவாலோ நிகழ்கால வடிவாலோ கூறலாம் என்றும், விரைவு பற்றி இறந்தகாலத்தாற் கூறலாம் என்றும் அவர் விதி செய்துள்ளார். வாயிலில் நின்று அழைப்பவருக்கு, இன்னும் எழுந்திராத ஒருவர் 'இதோ வந்துவிட்டேன்' என்று விடை கூறுவது இவ்விதியின்பாற்படும். காலமும் வடிவமும் ஒன்றையொன்று நிழல்போலத் தொடர்வன அல்ல என்னும் இவ்வுண்மையை ஆங்கில இலக்கண ஆசிரியர் பலர் நெடுங்காலம் மறந்திருந்தனர். அம்மறதியின் கதையே ஆங்கில வினையின் காலக்கணக்கு.

கி.மு. 100ஆம் ஆண்டையொட்டி வாழ்ந்த கிரேக்கராகிய தியோனீசியஸ் திராக்ஸ் என்பவர் பெயரால் வழங்கும் சிறு இலக்கண நூல், காலங்கள் மூன்று என்றும், அவற்றுள் இறந்தகாலம் நான்கு வகைப்படும் என்றும் கூறுகின்றது. இந்த வழியைப் பின்பற்றியே இலத்தீன் இலக்கணகாரர் தம் மொழியை வகுத்தனர். 4ஆம் நூற்றாண்டில் உரோமாபுரியில் இருந்த தொனாத்துஸ், 500ஆம் ஆண்டையொட்டிக் கொன்ஸ்தந்திநோப்பிளிற் கற்பித்த பிரிஸ்கியன் ஆகிய இருவர் நூல்களும் ஐரோப்பிய மடங்களில் ஆயிரம் ஆண்டுக்குக் குறையாமற் பயிலப்பட்டன. இலத்தீனுக்கு அவ்வகுப்பு ஓரளவு பொருந்தியது. அம்மொழியில் 'அமோ' என்றால் நேசிக்கிறேன். 'அமாபாம்' என்றால் நேசித்துக்கொண்டிருந்தேன். 'அமாபோ' என்றால் நேசிப்பேன். இவ்வாறே ஏனைய மூன்றும். ஆறு காலங்களும் தனித்தனி விகுதி பெற்று, ஒவ்வொன்றும் ஒரே சொல்லாக நிற்கும். எண்ணிப் பார்த்து ஆறு என்று கூறுதற்குத் தடையேதுமில்லை.

ஆங்கிலத்தின் பிறப்போ வேறு. அது சேர்மானியக் கிளையைச் சேர்ந்த மொழி. அக்கிளையில் வினைச்சொல்லுக்கு வடிவத்தால் வேறுபடும் காலங்கள் இரண்டேயாம்: ஒன்று இறந்தகாலம், மற்றையது இறந்தகாலம் அல்லாதது. பழைய ஆங்கிலத்திலே ஏறத்தாழ 300 வினைகள் உள்ளுயிர் திரிந்து இறந்தகாலங் காட்டின. 'சிங்' என்பது 'சாங்' ஆவதும், 'றைட்' என்பது 'றோட்' ஆவதும் அவற்றின் எச்சங்களே. ஏனையவை 'ட' ஓசையோ 'த' ஓசையோ ஈற்றிற் பெற்றன. நம் மாணவர் ஒழுங்கற்ற வினைகள் என்று பட்டியலிட்டு மனனஞ் செய்து அலுத்துக்கொள்ளும் வினைகளிற் பல, ஒரு காலத்தில் ஒழுங்கான ஓர் அமைப்பின் உறுப்பினராய் இருந்தவை என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. எதிர்காலத்துக்கெனத் தனி வடிவம் பழைய ஆங்கிலத்தில் இல்லை.

இதனாலே முதன்முதல் இடர்ப்பட்டவர் ஏல்பிரிக் என்னும் துறவி. பின்னாளில், 1005ஆம் ஆண்டில், அயின்சம் மடத்தின் தலைவரானவர் இவர். 10ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டி, மடத்துச் சிறுவர் இலத்தீன் கற்கும் பொருட்டு, அவர்தம் தாய்மொழியாகிய ஆங்கிலத்திலேயே ஓர் இலக்கணம் எழுதினார். இலத்தீன் இலக்கணத்தைத் தாய்மொழியில் விளக்கிய நூல் அதற்கு முன் மேலை ஐரோப்பாவில் எழுந்ததில்லை. நிகழ்காலம், கடந்த காலம், வருங்காலம் என்பவற்றுக்கு அவர் ஆங்கிலத்திலேயே கலைச்சொல் அமைத்தார். ஆனால் 'அமாபோ' என்னும் எதிர்காலச் சொல்லை மொழிபெயர்க்க வேண்டிய இடத்தில் அவர் கைக்கு ஒரு வடிவமும் அகப்படவில்லை. ஆதலின் நிகழ்கால வினையையே இட்டு, அதனோடு இன்றைக்கோ நாளைக்கோ என்னும் பொருள்பட இரண்டொரு சொற்களைச் சேர்த்து ஒப்பேற்றினார். வடிவம் இல்லாத இடத்து வடிவம் உண்டென்று அவர் சாதிக்கவில்லை. பின்வந்தோரிற் பலருக்கு இல்லாத நேர்மை அத்துறவிக்கு இருந்தது எனல் வேண்டும்.

இவ்விடத்துத் தமிழ் வரலாற்றையும் ஒருகால் நினைந்து பார்த்தல் தகும். நிகழ்காலங் காட்டும் கிறு, கின்று என்னும் இடைநிலைகள் சங்கச் செய்யுட்களிற் பெரும்பாலும் காணப்படுவதில்லை. பண்டைத் தமிழ் வினை, இறந்தது என்றும் இறவாதது என்றும் இருபாற்பட்டு நின்றதென்றும், நிகழ்காலத்துக்குரிய தனி வடிவம் பின்னர் வளர்ந்ததென்றும் மொழிநூலார் பலர் கருதுவர். ஆகவே இரண்டு வடிவங்களைக் கொண்டு மூன்று காலங்களையும் பேசுதல் ஆங்கிலர்க்கு மாத்திரம் நேர்ந்த குறையன்று. அது குறையும் அன்று.

பழைய ஆங்கிலத்துக்குப் பின் மொழி தன் போக்கில் வளர்ந்தது. அவ்வளர்ச்சி முழுவதும் துணைவினைகளாலேயே நிகழ்ந்தது. உடைமைப் பொருளுடைய 'ஹாவ்' என்னும் வினை முதலிற் பொருளை உடையோரையே குறித்தது. ஒரு செம்படவன் 'பிடித்த மீன் ஒன்றை உடையேன்' என்று சொன்னான் என வைத்துக்கொள்வோம். மீன் அவன் கையிலே இருக்கிறது. அது பிடிபட்ட நிலையிலும் இருக்கிறது. காலப்போக்கில் உடைமைக் கருத்துத் தேய்ந்து, பிடித்தலாகிய செயல் முடிந்து அதன் பயன் இப்பொழுதும் நிற்கின்றது என்னுங் கருத்தே எஞ்சியது. அந்நிலை எய்தியபின், கையிலே ஒன்றும் இல்லாதவனும் 'ஹாவ்' சொல்லலாயினான். போதல், வருதல் முதலிய வினைகளோ 'ஹாவ்' கொள்ளாமல் 'இரு' என்னும் பொருளுடைய வினையையே நெடுங்காலம் துணையாகக் கொண்டன. 1611ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில விவிலியத்திலே அவ்வழக்கு நிரம்ப உண்டு. தமிழிலே 'வந்திருக்கிறான்' என்று இரு என்னும் வினையைத் துணையாகக் கொள்ளுதல் இதனோடு ஒப்பு நோக்கத்தக்கது.

எதிர்காலத்தை உணர்த்த வந்த இரண்டு துணைவினைகளுக்கும் முன்பு வேறு தொழில் இருந்தது. 'வில்' என்பதற்கு விரும்புதல் என்று பொருள். 'ஷல்' என்பதற்குக் கடன்பட்டிருத்தல், கடமைப்பட்டிருத்தல் என்று பொருள். விரும்புகிறவன் செய்வான், கடமைப்பட்டவனும் செய்வான். ஆகவே இரண்டும் வருங்காலத்தின் வாயிலில் வந்து நின்றன. ஆயினும் பழைய பொருள்களை அவை முற்றும் உதறவில்லை. அந்த எச்சப் பொருளே பிற்காலத்தில் ஒரு பெரிய பூசலுக்கு வித்தாயிற்று.

'ஐ ஆம் றீடிங்' என்றாற்போன்ற தொடர்வினை வடிவம் நிலைபெற்றது இன்னும் பிந்தியே. சேக்ஸ்பியரின் ஹம்லெற் நாடகத்திலே, புத்தகமுங் கையுமாய் வரும் இளவரசனை நோக்கிப் பொலோனியஸ் என்ன வாசிக்கின்றீர் என்று கேட்குமிடத்துத் தொடர்வினையை ஆளவில்லை. வெறும் நிகழ்காலத்தையே ஆள்கின்றான். இன்று ஒரு மாணவன் அவ்வாறு எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையினாற் கோடிடுவார். 1600ஆம் ஆண்டையொட்டி அஃது பிழையன்று.

இனி அளவுகோலின் கதைக்கு வருவோம். 1540ஆம் ஆண்டையொட்டி எட்டாம் ஹென்றி மன்னன், இங்கிலாந்துப் பள்ளிகளெல்லாவற்றிலும் ஒரே இலத்தீன் இலக்கணமே கற்பிக்கப்படல் வேண்டும் என்று ஆணையிட்டான். அது, 1522இல் மறைந்த வில்லியம் லிலி என்னும் ஆசிரியர் பெயரால் வழங்கிய நூல். நிகழ்காலம் ஒன்று, இறந்தகாலம் மூன்று, எதிர்காலம் ஒன்று என ஐந்து காலங்களை அது வகுத்தது. 1586ஆம் ஆண்டில் வில்லியம் புல்லோக்கர் என்பவர் ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே முதல் இலக்கணம் அச்சிட்டபோது, லிலியின் வாய்பாட்டையே முன்மாதிரியாகக் கொண்டார். அவர் கருத்து விளங்காததன்று. ஆங்கிலம் காட்டுமொழி, இலக்கணமற்ற மொழி என்று கற்றோர் இகழ்ந்த காலம் அது. இலத்தீனுக்குள்ள உறுப்புக்களெல்லாம் ஆங்கிலத்துக்கும் உண்டென்று காட்டிவிடின் இகழ்ச்சி நீங்கும் என்று அவர் எண்ணினார். மானங் காக்கும் பொருட்டு இரவல் வாங்கிய உடை அது, நாளடைவிற் சட்டமாயிற்று.

அவ்வுடை பொருந்தவில்லை என்று முதன்முதல் அழுத்தந் திருத்தமாய் உரைத்தவர் இலக்கணப் புலவர் அல்லர்; கணித வல்லுநர். ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திற் கேத்திரகணிதப் பேராசிரியராயிருந்த யோன் வாலிஸ் என்பவரே அவர். முடிவிலியைக் குறிக்க இன்று நாம் வழங்கும் குறியீட்டை 1655ஆம் ஆண்டில் உலகுக்கு அளித்தவரும் இவரே. உள்நாட்டுப் போர்க்காலத்தில் பாராளுமன்றத்தின் சார்பில் நின்று எதிரிகளின் மறைமொழிக் கடிதங்களை அவிழ்த்துக் கொடுத்த கூரிய மதியினர். 1653ஆம் ஆண்டில் அவர் ஆங்கில மொழிக்கு ஓர் இலக்கணம் வெளியிட்டார். வேடிக்கை யாதெனின், ஆங்கிலத்தை இலத்தீன் அச்சில் வார்த்தல் தகாது என்று வாதாடும் அந்நூல் இலத்தீனிலே எழுதப்பட்டமையாகும். பிறநாட்டாரும் படித்தல் வேண்டும் என்பது அவர் நோக்கம். ஆங்கில வினை தன் வடிவத்தாற் காட்டுங் காலங்கள் இரண்டே, ஏனையவற்றைத் துணைவினைகள் உணர்த்துகின்றன என்று அவர் முடிவு கூறினார். மறைமொழி அவிழ்த்துப் பழகிய கண்ணுக்கு, எழுத்திலே என்ன இருக்கிறதோ அதுவே தோன்றியது போலும்.

ஆனால் அந்த வாலிசே மற்றொரு காரியமும் செய்தார். தன்மையிடத்தில் 'ஷல்' வந்தால் வெறும் வருங்காலம், 'வில்' வந்தால் வாக்குறுதி அல்லது அச்சுறுத்தல். முன்னிலையிலும் படர்க்கையிலும் இது தலைகீழாய் மாறும் என்று ஒரு விதியை அவர் எழுதிவைத்தார். பிற நாட்டார் தடுமாறாதிருக்கும்படி ஒரு கைவிளக்காகவே அவர் அதனைக் கொடுத்தார். பிற்காலத்துப் பாடநூலாசிரியர் கையில் அது விளக்காயிராமல் தண்டமாயிற்று. ஸ்கொத்லாந்து மக்களும் ஐரிஷ் மக்களும் தம் ஊர் வழக்கிலே இவ்வேறுபாட்டைப் பேணுவதில்லை. எவ்விடத்தும் 'வில்' என்பதையே பெரும்பாலும் ஆள்வர். இலண்டனிற் சென்று உத்தியோகந் தேடிய ஐரிஷ்காரனின் கல்வியை அளக்க இவ்விரண்டு சிறு சொற்களே போதியனவாயின. நீரில் விழுந்த அயல்நாட்டான் ஒருவன், 'மூழ்கிவிடுவேனே, காப்பாற்றுவார் இல்லையே' என்று அலற எண்ணி, 'ஷல்', 'வில்' இரண்டையும் மாற்றிச் சொல்லிவிட்டானாம். விதிப்படி அதற்கு 'மூழ்கியே தீருவேன், என்னை யாரும் காப்பாற்றக் கூடாது' என்று பொருளாகுமாகலின், கரையில் நின்ற ஆங்கிலர் மரியாதையாய் அவனை மூழ்க விட்டுவிட்டனராம். இலக்கண வகுப்புக்களில் நகைப்புக்காக வழங்கிய இந்தக் கதையில் நகைக்கத்தக்கோர் யார் என்பது கேட்போர் கருத்துக்குரியது.

1906ஆம் ஆண்டில் பவுலர் சகோதரர் இருவர் எழுதிய ஆங்கில உரைநடை நூல், இவ்வேறுபாடு தென் இங்கிலாந்திற் பிறந்தோர்க்குத் தானாய் வரும், ஏனையோர் கற்றுத் தேறல் அரிது என்ற கருத்தை ஒளிவின்றி வெளியிட்டு, அதன் பின்னரும் பல பக்கங்களில் விதிகளை விரித்தது. கற்கவே முடியாதது என்றபின் கற்பித்தல் எதற்கென்று தெரியவில்லை. 1925ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேராசிரியர் சாள்ஸ் பிறீஸ் என்பவர் வேறொரு வழி கண்டார். 16ஆம் நூற்றாண்டு தொடக்கம் தம் காலம்வரை எழுந்த நாடகங்கள் பலவற்றை எடுத்து, ஒவ்வொரு 'ஷல்', ஒவ்வொரு 'வில்' ஆகக் கணக்கிட்டார். நாடகப் பாத்திரங்கள் பேசிய ஆங்கிலம் அவ்விதிக்கு ஒரு காலத்திலும் முற்றும் அடங்கி நிற்கவில்லை என்பது புலனாயிற்று.

18ஆம் நூற்றாண்டு இலக்கணப் போர்களின் நூற்றாண்டு. 1751ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஹரிஸ் என்னும் செல்வந்தர் 'ஹேர்மிஸ்' எனத் தாம் பெயரிட்ட தத்துவ நூலிலே, காலங்கள் பன்னிரண்டு என்று வகுத்தார். முக்காலங்களையும் நான்கால் பெருக்கியே அவர் அத்தொகையைப் பெற்றார்: வரையறையற்ற செயல், தொடங்கப்போகுஞ் செயல், நடைபெறுஞ் செயல், முற்றிய செயல் என்பன அந்நான்கு. இன்றைய பாடசாலை அட்டவணையின் பன்னிரண்டும் அவருடைய பன்னிரண்டும் ஒன்றல்ல என்பது கவனிக்கத்தக்கது. 'எழுதப்போகிறேன்' என்னும் வடிவம் அவர் கணக்கில் உண்டு, நம் அட்டவணையில் இல்லை. 'எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்' என்பது போன்றது நம் அட்டவணையில் உண்டு, அவர் கணக்கில் இல்லை. தொகை ஒன்றாயிருக்க, எண்ணப்பட்ட பொருள்கள் வேறாயின.

பத்தாண்டு கழித்து, 1761ஆம் ஆண்டில், யோசேப் பிறீஸ்லி தம் சிறு இலக்கணத்தை வெளியிட்டார். 1774இல் பிராணவாயுவைப் பிரித்தெடுத்துப் புகழ் பெற்றவர் இவரே. ஆங்கில வினை எதிர்காலத்துக்கென உருத்திரிவதில்லையாகலின், ஆங்கிலத்துக்கு எதிர்காலம் என ஒன்றை வகுத்தற்கு நியாயமே இல்லை என்று அவர் துணிந்து எழுதினார். கணித வல்லுநரும் இரசாயன வல்லுநரும் கண்டதனை இலக்கண வல்லுநர் காணாதுவிட்டமை வியப்பே. மறுவருடம், 1762இல், பிற்காலத்தில் இலண்டன் நகரின் மேற்றிராணியாராய் உயர்ந்த றொபேட் லோத் மற்றோர் இலக்கணம் வெளியிட்டார். முக்காலங்கள் ஒவ்வொன்றையும் வரையறையற்றது, முற்றாதது, முற்றியது என அவர் பிரித்துக் காட்டினார். வரிசையும் நிரலுமாய்க் கட்டம் போடும் வழக்கம் இதனால் வலுப்பெற்றது. பிறீஸ்லியின் துணிவைவிட லோத்தின் ஒழுங்கு ஆசிரியர்க்குப் பிடித்திருந்தது. கட்டங்களிற் கேள்வி அமைத்தல் எளிது. புள்ளியிடுதல் அதனினும் எளிது.

அந்தப் போரில் இறுதியாய் வென்றவர் லிண்ட்லி மறே. பென்சில்வேனியாவிற் பிறந்து வழக்கறிஞராயிருந்து, 1784ஆம் ஆண்டில் இங்கிலாந்து வந்து யோர்க் நகரின் அருகே குடியேறிய குவேக்கர் சமயத்தவர் இவர். அந்நகரில் இருந்த குவேக்கர் பெண்பாடசாலையின் ஆசிரியைகள் கேட்டுக்கொண்டமையால் 1795ஆம் ஆண்டில் ஓர் இலக்கணம் எழுதினார். அது பதிப்பின்மேற் பதிப்பாய், சுருக்கத்தின்மேற் சுருக்கமாய் இலட்சக்கணக்கில் விற்பனையாகி, ஆங்கிலம் கற்பிக்கப்பட்ட நாடுகள் பலவற்றுக்குச் சென்றது. ஆறு காலங்கள் என்று அவர் கூறியவற்றின் பெயர்களும் இலத்தீன் பெயர்களே. முடிந்து போன செயலைக் குறிக்கும் சாதாரண இறந்தகாலத்துக்கு முற்றாக்காலம் என்ற பெயரை அவர் இட்டார். இலத்தீனிலே அவ்விடத்தில் நின்ற வடிவம் முற்றாத செயலைக் குறித்ததே அதற்குக் காரணம். மாணவர் தலைமுறை தலைமுறையாய், முற்றியதை முற்றாதது என்று ஓதி வந்தனர்.

இப்பூசல்களுக்கிடையே மொழி தன்பாட்டில் நடந்துகொண்டிருந்தது. 18ஆம் நூற்றாண்டுவரை, வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதை ஆங்கிலர் 'தி ஹவுஸ் இஸ் பில்டிங்' என்றே பெரும்பாலும் கூறினர். வீடு தானே கட்டுகிறது என்று அதற்குப் பொருள் கொள்வார் எவருமிலர். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் 'இஸ் பீயிங் பில்ட்' என்னும் புதுவடிவம் தலைகாட்டியது. 1795ஆம் ஆண்டில் கவிஞர் றொபேட் சதி எழுதிய கடிதமொன்றில், நாவிதன் ஒருவன் பல் பிடுங்குவதைப் பற்றிய நகைச்சுவை வாக்கியத்தில் அது வருகின்றது. 19ஆம் நூற்றாண்டு முழுவதும் அதனை எதிர்த்தோர் பலர். அமெரிக்கரான றிச்சாட் கிறான்ற் வைற் 1870ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே அதற்கெனத் தனியிடம் ஒதுக்கிக் கடுமையாகத் தாக்கினார். இன்று அவ்வடிவமில்லாத ஆங்கிலச் செய்தித்தாள் ஒன்றைக் காண்டல் அரிது. இகழப்பட்ட அவ்வடிவம் பள்ளி அட்டவணையிலும் புகுந்து, மாணவர் செயப்பாட்டுவினைப் பயிற்சியில் எழுதியே ஆகவேண்டிய விடையாயிற்று. பழைய வடிவத்தை எழுதினாலே இன்று புள்ளி குறையும்.

20ஆம் நூற்றாண்டிலே வாலிசின் கருத்துக்கு மீண்டும் உயிர் வந்தது. டென்மார்க்கு நாட்டுப் பேராசிரியர் ஒட்டோ ஜெஸ்பேர்சன், 1924இல் வெளியிட்ட இலக்கணத் தத்துவ நூலிலும், ஏழு தொகுதிகளாக வெளிவந்த தம் பேரிலக்கணத்திலும், காலம் வேறு, வினைவடிவம் வேறு என்பதனை மறுக்கவியலாதவாறு நிறுவினார். 'வில்', 'ஷல்' என்பன வருங்காலத்தைக் குறித்தலோடு விருப்பம், கடமை, ஊகம் முதலியவற்றையும் குறிப்பனவாகலின், அவற்றை எதிர்கால வடிவம் என்றல் பொருந்தாது என்பது அவர் துணிபு. 'அவர் இப்பொழுது வீட்டிலிருப்பார்' என்று தமிழர் ஊகமாய்க் கூறுமிடத்தும் வடிவம் எதிர்காலம், பொருள் நிகழ்காலம் அன்றோ? ஆங்கிலர் அவ்விடத்து 'வில்' சொல்லுதலும் அவ்வாறே. 1947ஆம் ஆண்டில் ஹன்ஸ் றைகன்பாக் என்னும் தருக்க நூலார், வினையின் காலத்தை அறிய மூன்று புள்ளிகள் வேண்டும் என்று காட்டினார்: பேசும் நேரம் ஒன்று, செயல் நிகழ்ந்த நேரம் ஒன்று, எங்கே நின்று அச்செயலைப் பார்க்கின்றோம் என்னும் நோக்குநேரம் ஒன்று. 'நான் நிலையத்தை அடையுமுன் புகையிரதம் போய்விட்டிருந்தது' என்பதில், பேசுவோர் நிற்பது இன்று. நோக்குவது நிலையத்தை அடைந்த நேரத்திலிருந்து. புகையிரதம் போனது அதற்கும் முன். 'ஹாட்' என்னும் துணைவினையோடு மாணவர் படும் பாடெல்லாம் இவ்விரண்டாம் புள்ளியைக் காணாமையால் வருவதே.

ரூசிய மொழியின் இலக்கணத்திலிருந்து மற்றொரு கருத்தும் கிடைத்தது. செயல் எக்காலத்தது என்பது ஒன்று. அச்செயலை முற்றியதாய்க் காண்கின்றோமா, நடந்துகொண்டிருப்பதாய்க் காண்கின்றோமா என்பது மற்றொன்று. பின்னையதை வினைநோக்கு என்று கூறலாம். இதனை ஏற்றுக்கொண்டபின் பன்னிரண்டு கட்டங்களும் கலைந்துவிடுகின்றன. 1985ஆம் ஆண்டில் றண்டோல்ப் குவேர்க்கும் அவர்தம் துணைவர் மூவரும் வெளியிட்ட பேரிலக்கணம், ஆங்கிலத்துக்குக் காலம் இரண்டு, நோக்கு இரண்டு என வகுத்தது.

தமிழ் மாணவருக்கு இதனால் விளையும் பயன் சிறிதன்று. 'செய்தான், செய்துகொண்டிருந்தான், செய்திருந்தான், செய்துகொண்டிருந்திருப்பான்' என்றெல்லாம் தமிழரும் நாடோறும் பேசுகின்றனர். மறேயின் வழியிலே தமிழ் இலக்கணம் எழுதப்பட்டிருப்பின் தமிழுக்கும் பன்னிரண்டோ பதினைந்தோ காலங்கள் ஏற்பட்டிருக்கும். தொல்காப்பியரும் பவணந்தியாரும் அவ்வழி செல்லவில்லை. காலம் மூன்று என்றதோடு நின்றனர். கொள், இரு, விடு என்னும் துணைவினைகளைத் தாய்மொழியிலே பிழையறக் கையாளும் பத்து வயதுப் பிள்ளை, ஆங்கில வகுப்பிலே பன்னிரண்டு கட்டங்களைக் கண்டு மருண்டு, தனக்கு ஆங்கிலம் வராது என்று முடிவுகட்டிக்கொள்வது பலமுறை நிகழ்வதொன்று. கட்டங்களில் அப்பிள்ளைக்கு மெய்யாகவே அயலானவை சிலவே. 'வந்திருக்கிறேன்' என்பதனோடு 'நேற்று' என்னும் சொல்லைத் தமிழர் தடையின்றிச் சேர்ப்பர்: 'நேற்றுத்தான் கொழும்பிலிருந்து வந்திருக்கிறேன்' என்பது நல்ல தமிழ். ஆங்கிலத்தில் 'ஹாவ் கம்' என்பதனோடு 'யெஸ்ற்றடே' சேராது. அவ்வடிவம் நிகழ்காலத்தின் பிடியிலே நிற்பதாகலின், முடிந்துபோன நாளின் பெயரை அது ஏற்பதில்லை. அறிதல், நம்புதல், உடைமை முதலிய நிலைமைகளைக் கூறும் வினைகள் தொடர்வடிவம் ஏற்றற்குப் பொதுவாக இணங்கா என்பதும் அவ்வாறே. இலங்கையிலும் இந்தியாவிலும் 'ஐ ஆம் ஹாவிங்' என்று உடைமைப் பொருளிற் பேசுவோர் மிகுதி. இவ்விரண்டு மூன்று இடங்களில் ஒரு மாதம் செலவிட்டால், அட்டவணையில் ஓர் ஆண்டு செலவிட்டதனினும் மிகுந்த பயன் உண்டு.

கணக்கு இன்னமும் முடிந்தபாடில்லை. 2002ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட பேரிலக்கணத்திலே, றொட்னி ஹட்லஸ்ரன், ஜெப்றி புல்லம் ஆகிய இருவரும் குவேர்க்கின் வகுப்பை ஒரு பாதி மறுத்தனர். 'ஹாவ்' துணையாய் வருவது நோக்கு அன்று, அதுவும் ஒருவகைக் காலமே என்பது அவர் கட்சி. எதிர்காலம் என ஒரு வடிவம் ஆங்கிலத்துக்கு இல்லை என்பதில் மாத்திரம் அவர்களும் பிறீஸ்லியும் ஒரே பக்கம் நிற்கின்றனர். நாடகக் கொட்டகையிலும் தெருவிலும் பேசுவோர் இதற்கிடையில் 'கோயிங் ரு' என்பதனைச் சுருக்கிக் 'கொன்னா' ஆக்கிவிட்டனர். போதல் என்னும் பொருளை முற்றும் இழந்து, ஹரிஸ் 1751இல் எண்ணிய 'தொடங்கப்போகுஞ் செயலை' அது இன்று எல்லா ஊர்களிலும் குறிக்கின்றது. பள்ளி அட்டவணையிலே அதற்கு இன்னும் ஒரு கட்டம் கிடைக்கவில்லை.